நீல நோட்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் "ஐஸ் ஸ்கேட்டிங்கை விட்டுடறேன்ப்பா" என்று நீ சொன்னதும் நான் "சரிம்மா" என்று சொல்லிவிட்டேன். நீயும் உடனே பேச்சை மாற்றிவிட்டாய். எனக்குப் போனில் யோசனை ஓடாது, உனக்குத் தெரியும். வைத்த பிறகுதான் ஒவ்வொன்றாகத் தோன்றியது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். நீ கல்லூரியில் சேர்வதற்கு முன்னால், "படிப்பா ஐஸா, ஒன்றை முடிவு பண்ணிக்கொள்" என்று சொன்னவன் நான்தான். அன்றைக்குப் பெரிய பொறுப்பான அப்பா மாதிரி பேசிவிட்டேன். அதையே இப்போது நீ எனக்குத் திருப்பிச் சொல்கிறாய்.

நேற்று அலமாரியை ஒழித்தபோது அந்த நீல நோட்டு கிடைத்தது. ஐஸ் ரிங்க் ஓரத்து பெஞ்சில் கையுறையோடு உட்கார்ந்து நான் கோடு போடுவேனே, அதேதான். ஜம்ப் செய்து விழாமல் நின்றால் நேர்க்கோடு, விழுந்தால் குறுக்குக்கோடு. டபுள் ஆக்சல் என்கிற ஜம்ப் பழகிய மாதத்தில் ஒரு பக்கம் முழுக்கக் குறுக்குக்கோடுதான், எண்ணிப் பார்த்தேன், 31. கடைசியில் ஒரே ஒரு நேர்க்கோடு, பேப்பர் கிழியும்படி அழுத்திப் போட்டிருக்கிறேன். மற்ற ஜம்ப் எல்லாம் பின்பக்கமாகக் கிளம்பும்போது இது மட்டும் முன்னோக்கிக் கிளம்பி இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டும் என்று கோச் எனக்கு விளக்கியதைக்கூட மேலே எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் முதுகைப் பின்னால் வளைத்துச் சுற்றுவாயே, உன் லேபேக் ஸ்பின், அதைப் பற்றி நோட்டு முழுக்க ஒரு வரி இல்லை. பெஞ்சில் இருந்த மற்ற பெற்றோர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்களே, அந்த ஸ்பின். அதற்குப் போட என்னிடம் கோடு இல்லை.

நீ விடுகிறேன் என்று சொல்வதற்குக் காரணம், அந்த நோட்டு மாதிரியே நீயும் ஜம்ப்பை மட்டும் எண்ணுவதுதான் என்று நினைக்கிறேன். பள்ளியில் வாரம் ஆறு நாள் ஐஸில் இருந்தாய். இப்போது இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. ஆறு நாள் பழகிய ஜம்ப் இரண்டு நாளில் அப்படியே நிற்காது. உடம்பு அப்படித்தான். அதைப் போய் "எனக்கு வரலப்பா" என்கிறாய்.

அமெரிக்க ஸ்கேட்டர் நேதன் செனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை, திட்டாதே. 2018 ஒலிம்பிக்கில் ஐந்தாவது இடம், அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கோச் கலிபோர்னியாவில், இவர் நாட்டின் மறுகோடியில். பாதிப் பயிற்சி வீடியோவில்தான். அப்படியும் 2019-இல் உலகச் சாம்பியன். எல்லாரும் இதோடு கதையை முடித்துவிடுவார்கள். ஆனால் 2022 ஒலிம்பிக்குக்கு முன்னால் அவர் கல்லூரிக்கு விடுப்புப் போட்டார். தங்கம் வாங்கினார், திரும்பிப் போய்ப் படித்தார், 2024-இல்தான் புள்ளியியல் பட்டம் வாங்கினார். அவராலேயே இரண்டையும் முழு வேகத்தில் ஒரே நேரத்தில் இழுக்க முடியவில்லை. (அந்தக் காலத்து அமெரிக்க ஸ்கேட்டர் டிக் பட்டன் ஹார்வர்டில் படித்துக்கொண்டே 1948-இலும் 1952-இலும் தங்கம் வாங்கவில்லையா என்பாய். மூன்று சுற்று ஜம்ப்பைப் போட்டியில் முதன்முதலில் செய்து காட்டியவரே அவர்தான். இன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகள் அதைச் செய்கிறார்கள். காலம் வேறு.)

உன்னை ஒலிம்பிக்குக்கு விரட்ட இதை எழுதவில்லை. நீ சும்மா போய் ஸ்கேட் பண்ணலாம் என்பதற்குத்தான். உங்கள் கல்லூரி கிளப்பில் பாதிப் பேர் அங்கே வந்துதான் ஸ்கேட் கட்டவே கற்றார்கள் என்று நீயே கொஞ்சம் இளக்காரமாகச் சொன்னாய். எனக்கு அதுதான் பிடித்தது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் குழுப் போட்டியில் கீழ்நிலையிலிருந்து சீனியர் வரை பிரிவுகள் உண்டு. யார் எந்தப் பிரிவில் இடம் பிடித்தாலும் புள்ளி கல்லூரிக் கணக்கில்தான் சேரும். நேற்று வந்தவள் ஒரு சுற்று ஜம்ப்பைச் சுத்தமாகச் செய்தால் அதற்கும் மதிப்பு. உன் பள்ளிக் காலம் முழுக்க அப்படி ஒரு போட்டியை நீ பார்த்ததே இல்லை. தனியாகப் போய், தனியாக விழுந்து, மார்க் வரும்வரை என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பாய். பலர் சேர்ந்து ஒரே அசைவாக ஸ்கேட் பண்ணும் சிங்க்ரோவையும் யோசி. சீனியர் குழுவில் 16 பேர் ஒன்றாகப் போவார்கள், பிளேடு ஓரத்தில் சறுக்கும் உன் எட்ஜ் சுத்தத்துக்கு அவர்கள் உன்னை விடவே மாட்டார்கள்.

சரி, படிப்பு. முதல் செமஸ்டர் மார்க் குறைந்ததற்கு ஐஸ்தான் காரணம் என்கிறாய். எனக்கென்னவோ தூக்கம்தான் காரணம் என்று படுகிறது. இரவு ஒரு மணிக்குப் படுத்து, ஐந்து மணி ஐஸுக்கு எழுந்தால் எந்தப் பாடம் தலையில் ஏறும்? அடுத்த செமஸ்டருக்குப் பாடம் பதிவு பண்ணும்முன் ரிங்க் அட்டவணையைப் பார். லேப் இல்லாத இரண்டு காலையை ஒதுக்கு. அதற்கு முந்தின இரவு பத்து மணிக்கு விளக்கை அணை. முடியவில்லையா, அன்றைக்கு ஐஸை விடு, தூக்கத்தை விடாதே. பரீட்சை வாரத்தில் போகவே வேண்டாம்.

பரீட்சை முடிந்து திரும்பும் முதல் நாள்தான் எனக்குப் பயம். இடைவெளிக்குப் பிறகு வந்ததும் வந்ததுமாக ஆக்சலைத்தான் முயல்வாய், உன்னைத் தெரியாதா. அன்றைக்கு எட்ஜ், காலை மாற்றிப் போட்டு வளையும் கிராஸ்ஓவர், ஸ்பின் போதும். கால் பழகியபின் ஒரு சுற்று ஜம்ப். ஆக்சல் அடுத்த வாரம். தலை ஐஸில் மோதினால், வலியே இல்லை என்றாலும் அன்றைக்கு வெளியே வந்துவிடு, டாக்டரைப் பார். மறுநாள் பரீட்சை என்று மறைக்காதே. ஒருமுறை மறைத்தாய். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய்.

பிளேடைக் கடைசியாக எப்போது சாணை பிடித்தாய்? வாரம் இரண்டு நாள்தானே என்று விட்டிருப்பாய். திரும்பும்போது எட்ஜ் பிடிக்காமல் வழுக்கினால் காலைக் குறை சொல்வதற்கு முன்னால் பிளேடைப் பார். துடைத்துவிட்டுத் துணி உறையில்தான் வைக்க வேண்டும். நடக்கப் போடும் பிளாஸ்டிக் உறையோடு பையில் திணித்தால் ஈரம் உள்ளேயே நின்று துரு ஏறும். விடுதி அறையில் கட்டிலுக்கடியில் அப்படித்தான் கிடக்கிறது என்று உன் தோழி சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டேன்.

இவ்வளவும் படித்த பிறகும் விடத்தான் தோன்றினால் விடு. அப்போதும் நான் "சரிம்மா" என்றுதான் சொல்வேன், ஆனால் யோசித்துச் சொல்வேன். அம்மாவுக்கு நீ எதைச் செய்தாலும் சம்மதம், ஐந்து மணிக்குத் தனியாகப் போகாமல் இருந்தால் சரி என்கிறாள்.

பதில் எழுதும்போது ஒன்று மட்டும் மறக்காமல் சொல். இடது பூட்ஸில் கணுக்கால் எலும்பு பட்டுச் சிவந்து போகுமே, அது இன்னும் இருக்கிறதா? ஸ்கேட் கடையில் பூட்ஸின் அந்த இடத்தை மட்டும் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பார்கள், சின்ன வேலைதான். இத்தனை நாள் அந்த வலியோடுதான் ஆக்சல் போட்டுக்கொண்டிருந்தாயோ என்று நேற்று ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
அப்பா