உன் இடது கையைக் கேட்டேன்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய பதிவை நேற்று ராத்திரி நான்கு தடவை கேட்டேன். அம்மா தூங்கிவிட்டதால் இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டேன். இந்த 27 வயதில், வேலைக்கும் போய்க்கொண்டு, நீ டிரம்ஸ் கற்க உட்கார்ந்திருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம் அம்மா.

சரி, காதில் விழுந்ததைச் சொல்கிறேன். வலது கை 'டக்' என்று தெளிவாக விழுகிறது. இடது கை பயந்து பயந்து, பாதி அடியாக விழுகிறது. எட்டு அடி தாண்டியதும் கை ஓட ஆரம்பித்துவிடுகிறது. வேகம் மாறாமல் கிளிக் கிளிக் என்று அடிக்கும் மெட்ரோனோம் ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். நிமிடத்துக்கு 100 கிளிக் வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். 60-க்கு இறக்கு, நொடிக்கு ஒரு கிளிக். மெதுவாக அடிப்பது சுலபம் என்று நினைக்காதே. இரண்டு அடிக்கு நடுவில் அவ்வளவு இடம் இருக்கும்போதுதான் கை எங்கே அவசரப்படுகிறது என்று தெரியும்.

முதலில் ஒரு கிளிக்குக்கு ஓர் அடி. அது நிலைத்தபின் இரண்டு. அப்புறம் நான்கு. மிருதங்கத்தில் மூன்று காலம் என்பார்களே, அதேதான். நான்குக்கு வரும்போது வாயால் 'தகதிமி' சொல்லிக்கொண்டே அடி. எங்கள் மெல்லிசைக் குழுவில் மிருதங்கம் வாசித்தவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இது: வாயில் வராதது கையில் வராது. பாரடிடில் என்கிற அடி வரிசையையும் இப்படியே பழகு. வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது. நான்குக்கு ஒருமுறை முதல் அடி கை மாறுவதால் இடது கை ஒளிந்துகொள்ள முடியாது.

குச்சியை இறுக்காதே. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடித்தால் போதும், மற்ற விரல்கள் சும்மா தொட்டுக்கொண்டிருக்கட்டும். அடித்ததும் ரப்பர் பேடே குச்சியைத் திருப்பி அனுப்பும், அதைத் தடுக்காமல் விடு. நான் புதிதில் பலமாகப் பிடித்தால்தான் சத்தம் வரும் என்று நம்பினேன். ஒரு திருவிழாக் கச்சேரியில் மூன்றாவது பாட்டிலேயே முழங்கை வரை மரத்துப்போனது. மறுநாள் காலையில் காபி டம்ளரைத் தூக்க முடியாமல் உன் பாட்டி பிடித்துக் குடிக்க வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 20 நிமிடம் உட்கார். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடு. கண்ணை மூடிக் கேட்டால் எது வலது, எது இடது என்று பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு இரண்டும் ஒன்றானபின் 65-க்குப் போ. அதுவரை 60-லேயே இரு, ஒரு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

முழு செட்டில் உட்காரும் நாளில் காதடைப்பான் இல்லாமல் உட்காராதே. மூடிய அறையில் ஸ்நேர் டிரம்மின் சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். அந்தக் காலத்தில் இதை எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. ராத்திரி அமைதியானதும் என் வலது காதில் ஒரு ரீங்காரம் கேட்டுக்கொண்டே இருக்கும். அது உனக்கு வரவே கூடாது.

அடுத்த ஞாயிறு இன்னொரு பதிவு அனுப்பு. 60-ல், இடது கையில் ஆரம்பித்து, இரண்டு நிமிடம்.

அன்புடன்,
அப்பா