தண்ணீர் ஊற்றியவர்களுக்கும் வைக்கோல் தந்தவர்களுக்கும்

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

திருகோணமலை கன்னியாப் பக்கத்துக் காணியில் போன ஞாயிறு நடந்த மோட்டோகுரொஸ் (மண் பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள் பந்தயம்) பயிற்சி நாள் நாலைந்து சிராய்ப்புகளோடு முடிந்தது. எலும்பு முறிவு ஒன்றுமில்லை. அதற்கு யார் யார் காரணம் என்பதைப் பேச்சோடு விட்டுவிட மனமில்லை. செய்த வேலையை அளவு கணக்கோடு எழுதினால், நாளை மூதூரிலோ குச்சவெளியிலோ ஒரு பாதை வெட்ட நினைப்பவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி பவுசர் (தண்ணீர் லொறி) அண்ணாவுக்கு. பாதை 1,100 மீற்றர் நீளம், 6 மீற்றர் அகலம். மொத்தம் 6,600 சதுர மீற்றர். அவருடைய பவுசர் பிடிப்பது 6,000 லீற்றர். பார்க்கப் பெரிய தண்ணீர்தான். ஆனால் அதை அந்தப் பரப்பில் விரித்தால் ஒரு மில்லிமீற்றர் கூடத் தேறாது. கச்சான் காற்று அரை மணித்தியாலத்தில் குடித்துவிடும். அண்ணா எட்டுத் தடவை வந்தார். சனி பின்னேரம் ஆறு நடை, ஞாயிறு விடிய முன் இரண்டு நடை. 48,000 லீற்றர், அதாவது ஏழு மில்லிமீற்றர் மழை பெய்ததற்குச் சமம்.

இந்த நேரப் பங்கீட்டில்தான் விஷயம் இருக்கிறது. முதல் நாள் பின்னேரம் ஊற்றுவது இரவு முழுக்க ஊறி அடிமண்ணைப் பதமாக்கும். விடிய ஊற்றுவது தூசி அடங்க மட்டும். இதை விட்டுவிட்டு உச்சி வெயிலில் ஊற்றினால் கீழே கட்டாந்தரை, மேலே சவர்க்காரம் போல ஒரு படலம். வளைவில் முன்சில்லு வழுக்கிக்கொண்டு போகும். மத்தியானம் தூசி கிளம்பிய இடத்துக்குப் பிள்ளைகள் பூவாளியோடு மட்டும் போனது அதனால்தான். கடல்தண்ணீர் இலவசமாக அள்ளித் தருகிறோம் என்று சொன்ன நண்பர்களுக்கும் நன்றி, ஆனால் ஏற்க முடியவில்லை. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது உண்மை. அதே உப்பு சில்லுக் கம்பி நிப்பிளையும் வயர் இணைப்பையும் தின்னும். காணிக்கார ஐயா மாரியில் கச்சான் போடப்போகும் மண்ணும் அதுதான். (காற்றுக்கும் நிலக்கடலைக்கும் ஒரே பெயர் வைத்த ஊர் நம்முடையது.)

ஜேசிபி தம்பிக்கு ஒரு தனி நன்றி, ஒரு சின்னக் கண்டிப்பும். மேசைமேட்டை 1.5 மீற்றர் உயரத்தில், மேலே 4 மீற்றர் தட்டையாக, ஒரு சாணுக்கு ஒரு சாண் மண் போட்டு, நனைத்து, உருட்டி, அடுத்த படை என்று பொறுமையாகக் கட்டினார். ஏறும் முகத்தின் நுனியை மட்டும் அழகுக்காகச் செங்குத்தாக வெட்டிவிட்டார். அப்படி விட்டால் பின்சில்லு உதைபட்டு, வண்டி மூக்குக் குத்தும். சொன்னவுடன் மறுபேச்சில்லாமல் சீவித் தந்தார்.

தம்பலகாமத்து ஐயா மாசி அறுவடையின் வைக்கோலில் அறுபது கட்டு தந்தார். அதைவிடப் பெரிய உதவி, அதை அதுவரை மழை படாமல் கூரைக்குள் வைத்திருந்தது. நனைந்த வைக்கோல் கட்டும் கல்லும் ஒன்று; மோதினால் தோள் போகும். கட்டுகளைப் பாலை மரத்தடியிலும், வேலிக் கட்டைகளுக்கு முன்னாலும், வளைவுகளின் வெளிப்பக்கத்திலும் வைத்தோம். அவை ஓடுபவருக்கு மட்டுமான மெத்தை. பார்க்க வந்தவர்களை அவற்றின் பின்னால் நிற்கவிடவில்லை. 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் பாதையை விட்டு விலகிய கார் 7 உயிர்களை எடுத்தது. வளைவின் வெளிப்பக்கமும் மேட்டின் இறங்குமுகமும் நிற்கிற இடங்களே அல்ல. கயிற்றைப் பத்து மீற்றர் தள்ளிக் கட்டியதற்கு முகம் சுளித்தவர்களும் கடைசிவரை கயிற்றைத் தாண்டவில்லை. அவர்களுக்கும் நன்றி. உப்புவெளி மீனவர்கள் தந்த பழைய வலை கண்ணுக்கு எல்லை காட்ட நன்றாக உதவியது. ஆனால் வலையை வண்டி போய் விழக்கூடிய இடத்தில் கட்டக்கூடாது. ஹாண்டிலும் காலும் சிக்கிக்கொள்ளும்.

இனி அந்தப் பழைய யமஹா டிடி 125. வருடக்கணக்காகக் கொட்டிலில் நின்ற வண்டி. ஸ்டார்ட் ஆனது, ஆனால் அக்சிலேற்றரை விட்டாலும் இரைச்சல் இறங்க மாட்டேன் என்று நின்றது. பிளக்கைக் கழற்றினால் சுண்ணாம்பு போல வெள்ளை. பெற்றோலைக் கூட்டிவிடும் பெரிய ஜெற் போட்டால் சரிவரும் என்று பலர் சொன்னார்கள். அது நோயை மறைக்கும் வைத்தியம். எங்கோ கள்ளக் காற்று உள்ளே போகிறது. அப்படியே ஓடினால் பிஸ்டன் இறுகும்.

அதைக் கண்டுபிடித்த கருவிக்கு இரண்டு பேர் சொந்தக்காரர். லேத் பட்டறை நானா பழைய பிளக் ஒன்றைக் குடைந்து அதில் சைக்கிள் வால்வு பொருத்தித் தந்தார். ஓய்வுபெற்ற தாதி அக்கா தன் பழைய பிரஷர் பார்க்கும் கருவியைத் தந்தார். அதன் 300 மி.மீ. கோடு 5.8 பிஎஸ்ஐ அழுத்தம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆறு பிஎஸ்ஐ காற்றடித்தால் ஆறு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும் என்பது கராஜ் கணக்கு, ஆகவே அளவெடுத்துச் செய்தது போல் பொருந்தியது. சைலன்சர் வாய், காபரேற்றர் வாய், ஒயில் பம்பின் சிறு குழாய் மூன்றையும் டியூப் இரப்பர் வைத்து அடைக்க வேண்டும். பிஸ்டன் கீழே நிற்க வேண்டும். மேலே நின்றால் கிராங்க்கேஸுக்கு (எஞ்சினின் அடி அறைக்கு) காற்றே போகாது. 300க்கு மேல் அடிக்கவும் கூடாது, காற்றை அடைக்கும் நல்ல இரப்பர் சீலும் பிதுங்கிவிடும். காற்றடித்ததும் முள் கண்முன்னே இறங்கியது. சவர்க்காரத் தண்ணீரைத் தூரிகையால் தடவிக்கொண்டு போக, மக்னெற் பக்கத்துச் சீலின் விளிம்பில் அரிசிப் பருமனில் குமிழிகள் ஒவ்வொன்றாக ஊதி எழும்பின. நின்ற காலத்தில் அந்த இரப்பர் பனங்கொட்டை போல இறுகியிருந்தது. இரண்டு பக்கமும் புதுச் சீல் போட்ட பிறகு முள் ஆறு நிமிடமும் அசையவில்லை. பழைய ஜெற்றே போதுமாக இருந்தது.

பெற்றோல் கலவை 32க்கு 1: ஐந்து லீற்றருக்கு 156 மில்லிலீற்றர் ஒயில். ஒயில் பம்பும் வேலை செய்தது, ஆனாலும் முதல் நாள் அதை மட்டும் நம்பவில்லை. அளக்கப் பால் போத்தல் தந்த அக்காவுக்கு நன்றி. கடைக்குட்டிக்கு இனி அது வேண்டாமாம், அதனால் திருப்பிக் கேட்க மாட்டார் என்று நம்புகிறோம்.

மின்னேரியா கன்னர்ஸ், சாலியபுரம் கஜபா போட்டிகளில் ஓடுகிற சிங்கள நண்பர்கள் ஹபரணைப் பாதையால் வந்து ஹெல்மெற்றும் முழங்கால் கவசமும் தந்தார்கள். தந்ததோடு நிற்கவில்லை, ஒவ்வொரு வண்டியின் டயரையும் 13 பிஎஸ்ஐயில் வைத்து, வால்வு நட்டை றிம்மோடு இறுக்காமல் மேலே மூடியோடு இறுக்கிவிட்டார்கள். டியூப் உள்ளே சுற்றினால் வால்வு சரிந்து நிற்கும், பார்த்த உடனே தெரியும். றிம்மோடு இறுக்கினால் சத்தமில்லாமல் கழுத்து அறுந்துவிடும். தம்பிமாரே, பொஹொம ஸ்துதி (மிக்க நன்றி).

வலைப்பந்து ரீச்சரும் அவருடைய மாணவிகளும்தான் கொடி பிடித்தார்கள். மேட்டில் இரண்டு பேர்: ஒருவர் இறங்குமுகத்தையே பார்ப்பார், மற்றவர் வருகிறவர்களைப் பார்த்தபடி மஞ்சள் கொடியோடு நிற்பார். இருவரும் ஓட்டத்தைப் பார்க்கத் தொடங்கினால் கொடி தாமதிக்கும். இவர்கள் ஒரு தடவையும் தாமதிக்கவில்லை. ஆரம்பத்துக்கு இரும்புக் கேற் வாங்க வசதியில்லை, ஆகவே அந்தக் கால ஐரோப்பியர் செய்தது போல இரப்பர் நாடாதான். டியூப் கடைக்காரர் கீறித் தந்தது.

வரலாற்றுப் பலகைகளை எழுதிய நூலக உதவியாளருக்கு நன்றி. 1924 மார்ச் 29இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில் நடந்த ஸ்க்ரம்பிளில் (மோட்டோகுரொஸின் முன்னோடிப் போட்டி) தொடங்கினார். 1952இல் பெல்ஜியத்தின் விக்டர் லெலூப் வென்றது ஐரோப்பியப் பட்டம், உலகப் பட்டம் 1957இல்தான் வந்தது, வென்றவர் சுவீடனின் பில் நில்சன் என்று எங்கள் பிழையையும் திருத்தினார். டிடியின் டாங்கிக்கு அடியில் படுத்திருக்கும் ஒற்றை ஷொக் பெல்ஜியப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனை. அந்த ஷொக் பூட்டிய யமஹாவில்தான் 1973இல் ஹோகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். இந்தப் பலகையின் முன்தான் கூட்டம் அதிகம். பெண்கள் ஓடுவதில்லையா என்று ஒரு பிள்ளை கேட்க, ஆறு தடவை உலகப் பட்டம் வென்ற இத்தாலியின் கியாரா ஃபொன்டனேசியின் பெயரைப் பலகையின் அடியில் சோக்கால் எழுதிக் காட்டினார்.

பாங்கு நேரத்தில் எஞ்சின்களை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நிறுத்தினோம். மற்ற நேரம் அந்தச் சத்தத்தைப் பொறுத்த அயலவர்களுக்கு நன்றி. 1990 அம்புலன்ஸை அழைக்கும் தேவை வராமல், விழுந்தவனின் ஹெல்மெற்றை இழுக்க ஓடிய கைகளை அதட்டி நிறுத்திய தாதி அக்காவுக்கு மறுபடியும்.

வைக்கோல் கட்டுகள் மாட்டுக்காரரிடம் போய்விட்டன. ஒரு 17ஆம் நம்பர் சாவி, இரண்டு தேத்தண்ணி பிளாஸ்க், பிடி உடைந்த ஒரு நீலக் குடை உப்புவெளி கராஜில் இருக்கின்றன. உரியவர்கள் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வந்து எடுக்கவும்.

பாதை வெட்டியவர்களும் வண்டி திருத்தியவர்களும்,
திருகோணமலை