1939-க்குப் போய்வர நினைக்கும் மகனுக்கு

காரைக்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அங்கு உன் நலமும், மருமகள், குழந்தை ஆகியோரின் நலமும் அறிய ஆவல்.

நீ நள்ளிரவு தாண்டி அனுப்பியிருந்த செய்தியை மறுநாள் காலையில்தான் பார்த்தேன். கால இயந்திரம் ஒன்று கிடைத்தால் 1939ஆம் ஆண்டு பம்பாய்க்குப் போய், ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட வெள்ளி ரூபாயை ஒரு ரூபாய்க்கு ஒன்று என்று ஒரு பை நிறைய வாங்கி வந்து, இங்கே ஒவ்வொன்றாக விற்றுக் கவலையில்லாமல் இருந்துவிடலாம் என்று எழுதியிருந்தாய். முடிவில் ஒரு சிரிப்புப் பொம்மையும் இருந்தது. இரண்டு சொல்லுக்கு மேல் பதில் போடாத பிள்ளை இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறானே என்று முதலில் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. தொலைபேசியில் சொல்லலாம் என்றால் நீ எடுப்பதில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. ஆகையால் உட்கார்ந்து எழுதுகிறேன். வேலைக்காலம் முழுவதும் வங்கியில் காசாளர் கூண்டுக்குள் இருந்தவள் என்பதால், இப்படி ஒரு கணக்கைக் கண்டால் போட்டுப் பார்க்காமல் விட என்னால் முடியாது.

நீ தேர்ந்தெடுத்த ஆண்டு சரியானதுதான். அதில் எனக்குப் பெருமையே. காசின் ஆண்டு எண்ணுக்குக் கீழே வைரக் குறி இருந்தால் அடித்த இடம் பம்பாய், நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், ஒன்றுமில்லாவிட்டால் கல்கத்தா என்று வீட்டுக்கு வரும் விருந்தாளிகளைக்கூட விடாமல் உட்கார வைத்துப் பாடம் நடத்திய பிள்ளை அல்லவா நீ. 1938ஆம் ஆண்டு ரூபாய் இன்றும் எளிதாகக் கிடைக்கிறது, 1939 கிடைப்பதில்லை. எடை இரண்டுக்கும் 11.66 கிராம்தான், வெள்ளியும் பன்னிரண்டில் பதினொரு பங்குதான். அந்த ஆண்டு செப்டம்பரில் போர் தொடங்கியதும் ஜனங்கள் காகிதத்தை நம்பாமல் வெள்ளி ரூபாயைப் பதுக்க ஆரம்பித்தார்கள். 1940இல் அரசாங்கம் வெள்ளியைப் பாதியாகக் குறைத்து வேறு ரூபாயை அடித்தது, ஒரு ரூபாய்க்கு நோட்டையும் கொண்டு வந்தது. பம்பாயில் அடித்த 1939 ரூபாயில் பெரும்பகுதி ஜனங்கள் கைக்கு வராமலேயே போய்விட்டது. ஆகவே, நீ அந்த ஆண்டில் இறங்கிக் கடைத்தெரு முழுவதும் அலைந்தாலும் உன் கையில் 1918-உம் 1919-உம்தான் வந்து விழும். நாணயச்சாலையின் வாசலிலோ, அதிலிருந்து பணம் வாங்கும் வங்கியின் கூண்டிலோதான் நீ நிற்க வேண்டும்.

அங்கே எந்தப் பணத்தை நீட்டுவாய் என்று நீ எழுதவில்லை. இன்றைய நோட்டை நீட்டினால் கள்ளநோட்டு அடித்தவன் என்று பிடித்து உள்ளே போடுவார்கள். பவுன் காசாகக் கொண்டுபோகலாம் என்று நீ சொல்லக்கூடும். 1918இல் பம்பாயிலேயே அடித்த பவுன் காசுகள் இன்றும் கிடைக்கின்றன. ஆண்டு எண்ணைப் பார்த்து அங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் அரசாங்கக் கணக்கில் அன்று ஒரு பவுனுக்கு 13 ரூபாய் 5 அணா 4 பைதான். 1931க்குப் பிறகு கடைத்தெருவில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்பது உண்மையே. அப்படியிருந்தும், இன்று பவுன் விற்கும் விலையில் ஒரு பவுனைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுச் சில பத்து ரூபாய்களோடு திரும்புவது காசாளர் பெற்ற பிள்ளை செய்கிற வியாபாரமாக எனக்குத் தோன்றவில்லை.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. பொறியியல் படித்த உனக்கு அது தோன்றாமல் போனது வியப்புத்தான். 1918ஆம் ஆண்டு ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயைப் பம்பாயிலும் கல்கத்தாவிலுமாக 40 கோடிக்கு மேல் அடித்தார்கள். வெள்ளி விலைக்குமேல் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் இன்றும் வாங்கலாம். அதை ஒரு பையில் கொண்டுபோய்க் கூண்டில் வைத்து, பழைய காசாக இருக்கிறது, கல்யாணத்துக்கு வேண்டும், புதிதாக மாற்றிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்டால் எந்தக் காசாளரும் மறுக்க மாட்டார். எடையும் தரமும் ஒன்று, ஆகவே ஒன்றுக்கு ஒன்று. இது தோன்றியபோது அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். உன் அப்பா வந்து என்ன என்று கேட்டார். உன் செய்தியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை.

போகிற தேதியிலும் கவனம் வேண்டும். 1940 ஜூன் கடைசியில் போய் இறங்கினாயானால், சொந்தத் தேவைக்கும் வியாபாரத் தேவைக்கும் மேல் காசு சேர்ப்பதே குற்றம் என்று ஆணை வந்திருக்கும். பையோடு அகப்படுவாய். விக்டோரியா தலை போட்ட ரூபாய் 1941 மார்ச்சோடு செல்லாமல் போயிற்று; 1943க்குள் பழைய தரத்து ஜார்ஜ் ரூபாய்க்கும் அதே கதி. உள்ளே வந்ததையெல்லாம் உருக்கினார்கள். போர்க்காலத்தில் அமெரிக்காவிடம் கடனாக வாங்கிய வெள்ளியைத் திருப்பிக் கொடுப்பதற்காகவே பாதி வெள்ளிக் காசையும் பிறகு திரும்பப் பெற்றார்கள். 1947இல் வந்த புலி போட்ட ரூபாய் வெறும் நிக்கல். அரசாங்கமே கடனை அடைக்கக் கையிலிருந்த காசை உருக்கியது என்றால், கடன் படுவதில் மனிதர்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது? இதை ஒரு பேச்சுக்காகச் சொல்கிறேன்.

சரி, வாங்கி வந்துவிட்டாய் என்றே வைத்துக்கொள்வோம். யாரிடம் விற்பாய்? 1938இல் உள்ள எட்டைச் சுரண்டி ஒன்பதாக்கி விற்பவர்கள் இருப்பதால், 1939 என்றாலே வாங்குபவர் முதலில் பூதக்கண்ணாடியைத்தான் எடுப்பார். ஒரே ஒரு காசு, அதுவும் நாலு கை புழங்கித் தேய்ந்த காசு என்றால் நம்புவார். நீயோ கருக்கு அழியாத புதுக் காசாக ஒரு பை கொண்டுவருகிறாய். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நீ உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். பொய்யைச் சொன்னால் மேலும் கேட்பார்கள். அப்படியும் நம்பி வாங்கினார்கள் என்றால், ஒரு பை 1939 வந்து இறங்கிய சந்தையில் 1939க்கும் 1938க்கும் விலை ஒன்றாகிவிடும்.

அமெரிக்காவில் 1933ஆம் ஆண்டு அடித்த 20 டாலர் தங்கக் காசின் கதை உனக்கே தெரியும். 4 லட்சத்து 45 ஆயிரத்துக்கும் மேல் அடித்துவிட்டு, தங்கத்தை யாரும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்ததால் வெளியே விடாமல் உருக்கினார்கள். தப்பிய ஒன்று 2021இல் ஏறத்தாழ 1 கோடியே 89 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. ஆனால் பிலடெல்பியாவில் ஒரு நகைக்கடைக் குடும்பத்தார் தங்கள் பெட்டகத்தில் பத்துக் காசுகளைக் கண்டெடுத்து, அசல்தானா பார்த்துச் சொல்லுங்கள் என்று நாணயச்சாலையிடமே கொடுத்தபோது, அவை முறையாக வெளியே வந்த காசுகள் அல்ல என்று அரசாங்கம் அத்தனையையும் வைத்துக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் வழக்காடியும் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. அரிய காசு கையில் இருப்பது வேறு, அது பணமாக மாறுவது வேறு.

நானாக இருந்தால் 1939-க்கும் போக மாட்டேன், பம்பாய்க்கும் போக மாட்டேன். இதே காரைக்குடியில், பெரிய அத்தை கல்யாணம் நிச்சயமான வருஷத்துக்குப் போவேன். வெள்ளி ரூபாயில் இருக்கும் வெள்ளிக்கு ரூபாயைவிட மதிப்புக் கூடிவிட்ட காலம் அது. ஊரில் பாதி வீடுகளில் பானையிலும் பரணிலும் இருந்த ரூபாய்கள் ஆசாரி வெள்ளி உருக்கும் மண்குகைக்குள் போய்க் கொலுசாகவும் கிண்ணமாகவும் வெளியே வந்தன. உன் அப்பாவைப் பெற்ற ஐயா தம் தகப்பனார் வைத்துப்போன ரூபாய்களை ஆண்டு எண்ணைக்கூடப் பார்க்காமல் நிறுத்துக் கொடுத்தார். விவரம் தெரியாமல் கொடுத்துவிட்டார் என்று நீ சிறுவயதில் அவரைக் கேலி செய்வாய். அவருக்கு விவரம் தெரியும். எடுத்து வைக்கச் சொல்லி உன் அப்பத்தா அழுததும் உண்மை. மாப்பிள்ளை வீட்டார் சொன்ன தேதிக்குள் சீர் போய்ச் சேர வேண்டியிருந்தது, அவ்வளவுதான். இப்போது நீ உன் இயந்திரத்தில் ஏறிக்கொண்டு, ரூபாய்க்கு ஆசாரி கொடுக்கிற விலைக்கு மேல் நாலணா சேர்த்துத் தருகிறேன் என்று அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், உனக்கு எதிரே இருக்கப்போகிறவர் ஐயா. அவரிடம் நீ பேரம் பேச வேண்டும். மலிவாகக் கிடைத்த காசு எல்லாமே யாரோ ஒருவர் முடியாமல் கொடுத்த காசுதான், தம்பி. அதை வாங்கியவர்களைக் குறை சொல்லவில்லை. வங்கியில் ஏலத்துக்கு வந்த நகைகளை வரிசையாகப் பார்த்தவள் என்பதால் எனக்கு அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் படுகிறது.

நகை என்றதும் நினைவுக்கு வருகிறது. குழந்தையைக் காட்டுவதற்காக மருமகள் காணொளியில் வந்தபோது கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. கயிறு மாற்றுகிற ஆடிப் பெருக்கு எப்போதோ முடிந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டேன். சங்கிலி போட்டால் வேர்க்குரு வருகிறது என்று அவளாகவே சொன்னாள். சென்னை வெக்கைக்கு அது வரக்கூடியதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

உன் செய்தியின் கடைசியில், பெட்டியில் உள்ள காசுகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்து அனுப்பு, விலைக்குக் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். யார் அவர்? எங்கே பிடித்தாய்? பழைய காசுக்கும் நோட்டுக்கும் லட்சம் தருகிறோம் என்று ரிசர்வ் வங்கியின் பெயரையும் முத்திரையையும் போட்டுக்கொண்டு கமிஷன், வரி என்று முன்பணம் கறப்பவர்களிடம் ஏமாற வேண்டாம் என்று அந்த வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. 2012இல் வந்த வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாயைக் காட்டிப் பத்து லட்சம் என்கிறார்கள். அது நேற்றுவரை பேருந்து நடத்துநர் சில்லறையாகக் கொடுத்த காசு. காசு வாங்குகிறவன் உனக்குப் பணம் தருவான். உன்னிடம் கேட்க மாட்டான். கேட்டால் ஒரு ரூபாயும் அனுப்பாதே. முன்பே அனுப்பியிருந்தால் அதோடு நிறுத்திக்கொள். போனதை மீட்க மேலும் அனுப்பாதே. திருப்பத்தூர்ச் சித்தப்பா கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனை நல்ல பேச்சுக்காரனாக இருந்தாலும் முன்பணம் அனுப்பாதே.

படம் வேண்டாம், பட்டியலே தருகிறேன். 1918 ரூபாய் சில, 1938 இரண்டு, நீ சிறுவயதில் 1939 என்று குதித்தது அரை ரூபாய், அரை ரூபாய்க்கு அந்த விலை கிடையாது. போர்க்காலத்து ஓட்டைக் காலணா ஒரு கைப்பிடி. தாமரை போட்ட மஞ்சள் இருபது பைசா கொஞ்சம், காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் வெள்ளிக் காசு, தஞ்சைப் பெரிய கோவிலின் ஆயிரமாவது ஆண்டுக்காக வந்த ஆயிரம் ரூபாய்க் காசு. நான் கூண்டில் என் சொந்தப் பணத்தைப் போட்டு மாற்றி எடுத்தவை பாதி. எல்லாவற்றையும் சேர்த்து நல்ல விலைக்குக் கொடுத்தாலும் இன்றைய விலையில் ஒரு தாலிச் சங்கிலிக்குக் காணாது. இது வெறும் கணக்குக்காகச் சொன்னது.

வரும் சனிக்கிழமை பல்லவன் ரயிலில் புறப்பட்டு வருகிறேன். குழந்தையைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், அது உண்மைதான். என் இரட்டைவடச் சங்கிலியில் கொக்கி தளர்ந்திருக்கிறது. அங்கே சரிசெய்து, நான் திரும்பும்வரை மருமகள் போட்டிருக்கட்டும். பொதுவாக ஒன்று: வட்டிக்கடையில் வைத்த நகையை மீட்டு வங்கியில் மாற்றி வைத்தால் வட்டி பாதிக்கும் கீழே வந்துவிடும். யாருக்காவது அப்படித் தேவைப்பட்டால் ரசீதுகளை எடுத்து வைக்கச் சொல், நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுக்கிறேன். மீட்பதற்கான தொகை என் கணக்கில் இருக்கிறது, அப்பா அறிய வேண்டியதில்லை.

நீ விடுப்புப் போட்டு எழும்பூருக்கு வர வேண்டாம். மருமகளை அனுப்பு. முறுக்கும் சீடையும் கொண்டுவருகிறேன்; பை கனமாக இருக்கும் என்பதால் அவளை ஆட்டோ பிடித்து வரச் சொல்.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா