கணித மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

செயற்குழு வழக்கம்போல் கூடியது. டிசம்பர் 22, தேசியக் கணித தினத்தன்று பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்துப் பரிசளித்தோம்.

சற்று விரிவாகச் சொல்ல வேண்டியது, பாதிரியார் சார்ல்ஸ் ராசீன் பற்றிய தொடர் உரைகள். நான் ஏற்பாடு செய்தது என்பதற்காகச் சொல்லவில்லை. "பெயர் சொல்ல ஒரு தேற்றம் இல்லாத வாத்தியாருக்குத் தொடர் உரையா?" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர், எந்தக் கூட்டத்துக்கும் வராமலேயே கேட்டார்கள். அவர்களுக்குப் பதில் இதோ.

பிரெஞ்சுக் கணித மேதை எலீ கார்த்தானிடம் பயின்று, ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் பல பொருள்களின் இயக்கம் குறித்து ஆய்வு செய்து 1934இல் பாரிஸில் முனைவர் பட்டம் பெற்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி அவர். 1937இல் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரிக்கு வந்தார். 1939இல் சென்னை லயோலாவுக்கு மாறினார். அன்றைய ஆனர்ஸ் படிப்பு என்றால் கேம்பிரிட்ஜ் பாணியில் கடினமான கணக்குகளைப் போட்டுத் தள்ளுவதுதான். ராசீனோ பிரான்சில் அப்போது எழுதப்பட்டுவந்த புதிய கணிதத்தைப் படிக்கச் சொன்னார். ஆராய்ச்சியில் நாட்டமுள்ளவர்களைப் பம்பாயின் டாடா ஆய்வு நிறுவனத்துக்குப் போகத் தூண்டினார். அப்படி 1953இல் போனவர்கள்தான் எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்திரியும். ரீமான் பரப்புகள் எனப்படும் வளைபரப்புகளின் மீதுள்ள வெக்டர் கற்றைகள் (பரப்பின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு வெக்டர் வெளியை ஒட்டிவைத்தாற்போன்ற அமைப்பு) பற்றி 1965இல் அவர்கள் வெளியிட்ட தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. ஆசிரியர் பெயரில் தேற்றம் இல்லை, சரி. மாணவர்கள் பெயரில் இருக்கிறதே!

இரண்டாம் உரையன்று ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் பஸ் பிடித்து வந்து, அந்தத் தேற்றத்தைக் கரும்பலகை நிறைய எழுதி விளக்கினார். எதிரே பிளஸ் டூ மாணவர் சிலர், நான், பொருளாளர். அப்புறம், உறுப்பினர்களை நம்பி வாங்கிய ஒரு தூக்குச் சுண்டல். அதே நாளில் நடந்த ஒரு புதுமனைப் புகுவிழாவில் நம் உறுப்பினர்கள் பலரைப் பார்த்ததாகக் கேள்வி.

வரவு செலவு ஏறத்தாழ சரிக்குச் சரி. அச்சகத்துக்குக் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. எல்லோரும் சந்தா கட்டியிருந்தால் அதுவும் இருக்காது. பெயர்களை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

இடம் தந்த பள்ளித் தலைமையாசிரியருக்கும், நாற்காலி போட்ட பிள்ளைகளுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ராசீன் பற்றிச் சிறு நூல் கொண்டுவர எண்ணம். கையெழுத்துப் பிரதி தயார். காகிதத்துக்குத்தான் வழி தெரியவில்லை. செயலாளர் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் பிரதியோடு சேர்த்தே ஒப்படைத்துவிடுகிறேன். அதுவரை, ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே உட்கார்ந்திருக்கிறார். சில்லறையும் வைத்திருக்கிறார்.