வைக்கோலை எரிப்பதால் வயல் இழப்பது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அறுவடை முடிந்த வயல்களில் வைக்கோலையும் தாளையும் எரிப்பது குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், சாம்பல் மண்ணிலேயே தங்கிவிடுவதால் சத்து எதுவும் வீணாவதில்லை என்ற கருத்து மறுப்பின்றி இடம்பெற்றிருந்தது. கடைமடைப் பகுதியில் நீண்ட காலம் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில், அக்கருத்து ஒரு சத்தைப் பொறுத்தவரை மட்டுமே ஓரளவு பொருந்தும் என்பதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன்.

நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் சாம்பல் சத்தில், அதாவது பொட்டாசியத்தில், ஐந்தில் நான்கு பங்கு வைக்கோலில்தான் இருக்கிறது. எரித்தாலும் அதில் பெரும்பகுதி வயலில் தங்கும். ஆனால் பயிர் எடுத்த தழைச்சத்திலும், அதாவது நைட்ரஜனிலும், ஏறத்தாழ நாற்பது விழுக்காடு அதே வைக்கோலில் உள்ளது. தீ வைத்தவுடன் அது முழுவதும் என்று சொல்லுமளவுக்குக் காற்றில் கலந்துவிடுகிறது. கந்தகத்திலும் ஒரு பகுதி போய்விடுகிறது. அடுத்த பருவத்தில் யூரியா மூட்டைக்கு விவசாயி கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, இப்படிப் புகையாகப் போனதை ஈடுகட்டவே செலவாகிறது.

கட்டுரை முற்றிலும் தொடாத இன்னொரு பொருள் ஆற்றல். சத்துகள் மண், பயிர், விலங்கு, மீண்டும் மண் என்று சுற்றி வரக்கூடியவை. ஆற்றலுக்கு அந்த வாய்ப்பு கிடையாது. சூரியனிடமிருந்து வந்து, உயிர்களின் வழியே கடந்து, வெப்பமாக வெளியேறிவிடும். ஓர் உணவுநிலையிலிருந்து அடுத்ததற்கு, அதாவது உண்ணப்படும் உயிரிலிருந்து உண்ணும் உயிருக்கு, சராசரியாகப் பத்தில் ஒரு பங்கே போய்ச் சேர்கிறது என்ற கணக்கு, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் சிறிய ஏரி ஒன்றை ஆராய்ந்து ரேமண்ட் லிண்டெமன் 1942ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்தது. நெல்லின் எடைக்கு ஏறத்தாழ இணையான எடை வைக்கோலாக விளைகிறது என்பதால், பயிர் சேமித்த ஆற்றலில் பாதியளவு அதில் அடங்கியிருக்கிறது. அது மட்கினால் பாக்டீரியாவும் பூஞ்சையும் முதலில் உண்ணும். அவற்றை மண்புழுக்களும் நுண்ணிய பூச்சிகளும், அவற்றை வயல் நண்டும் குறவை மீனும் தவளையும், அவற்றைக் கொக்கும் நாரையும் உண்ணும். எரித்தாலோ, அத்தனை ஆற்றலும் எந்த உயிருக்கும் பயன்படாமல் சில நிமிடங்களில் வெப்பமாகிவிடுகிறது. மண்ணில் உயிர் குறைந்துவிட்டது என்று வருந்தும் நாம், அந்த உயிர்களின் உணவுக்கே தீ வைக்கிறோம் என்பதை உணர வேண்டும்.

இறந்த தாவரப் பொருளை நம்பி எவ்வளவு வாழ முடியும் என்பதற்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு நம் மாவட்டத்திலேயே சான்றாக நிற்கிறது. அங்கே உதிரும் இலைகளில் பெரும்பகுதியைப் பச்சையாக எந்த விலங்கும் தின்பதில்லை. சேற்றில் விழுந்து, நுண்ணுயிர்கள் படிந்து, சிதைந்த பிறகே அது இறால் குஞ்சுகளுக்கும் நண்டுகளுக்கும் உணவாகிறது. அப்பகுதி மீனவர்களின் வலை அந்த மட்கிய இலைக்குக் கடன்பட்டிருக்கிறது. பாமணியாறும் கோரையாறும் அந்தக் காட்டை ஒட்டிய காயலில்தான் கலக்கின்றன. நம் வயல்களில் பயிர் எடுக்காமல் விட்ட உரம் வடிகால்களில் இறங்கி ஆகாயத்தாமரையை வளர்ப்பதையும், எஞ்சியது காயலை நோக்கிச் செல்வதையும் இதனுடன் சேர்த்தே பார்க்க வேண்டும். வாய்க்காலை அடைத்து நிற்கும் அந்தச் செடி, வயலிலிருந்து போன சத்துதான். அதை அள்ளிக் கரையில் குவித்துக் காயவிடாமல், மட்கவைத்து வயலுக்குத் திருப்பினால் சுற்று ஓரளவு மூடப்படும்.

முன்னர் வயல் இழந்த சத்தைக் காவிரி வெள்ளம் கொண்டுவந்த வண்டலே ஆண்டுதோறும் ஈடு செய்தது. 1934இல் மேட்டூர் அணை வந்த பின் அந்த வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. ஆகவே உள்ளதைக் காப்பது முன்னைவிட அவசியமாகியுள்ளது.

விவசாயிகளைக் குறை கூறுவது என் நோக்கமன்று. குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அறுவடை இயந்திரம் வைக்கோலை வயல் முழுதும் சிதறிவிட்டுப் போகிறது. பச்சை வைக்கோலைத் தேங்கிய நீரில் மடக்கி உழுதால் மீத்தேன் உண்டாவதும், நுண்ணுயிர்கள் தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்வதால் இளம்பயிர் வெளிறுவதும் உண்மையே. ஆனால் அந்த அவசரம் தை, மாசி மாதச் சம்பா அறுவடைக்குப் பிறகு இல்லை. ஈரம் இருக்கும்போதே மடக்கி உழவோ, வரப்போரம் குவித்து மட்கவைக்கவோ அப்போது போதிய காலம் உண்டு. உளுந்து விதைத்த வயலிலும் தாளை விட்டுவைக்கலாம். கட்டுகளாக உள்ளூர் மாட்டுக்குப் போகும் வைக்கோல் சாணமாகத் திரும்பி வரும். லாரியில் வெளி மாவட்டம் போவது திரும்பாது என்பதால், அதன் விலையில் சாம்பல் சத்தின் மதிப்பையும் சேர்த்தே விவசாயி கணக்கிட வேண்டும்.

வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் கருவிகளில், வைக்கோலைத் துண்டாக்கிப் பரப்பும் இயந்திரங்களைக் கடைமடை வட்டாரங்களுக்குப் போதிய அளவில் ஒதுக்க வேண்டும். தாங்களும் வரும் சம்பா அறுவடைக்கு முன்னதாகவே, எரிக்காமல் சமாளித்த விவசாயிகளின் செலவு வரவுக் கணக்குடன் ஒரு விரிவான கட்டுரை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.