தொதல் வண்டி அதே இடத்தில் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பை விற்றுவந்த, நாங்கள் ‘தொதல் பாய்’ என்றே அழைத்துவந்த தள்ளுவண்டிக்காரர் கடந்த மாசியில் காலமானார். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. பிற்பகல் அஸர் தொழுகை முடியும் நேரத்துக்கு வண்டி வந்து நிற்கும். அந்தி நேர மஃரிப் தொழுகைக்கான பாங்குக்குள் தட்டு காலியாகிவிடும். என் பள்ளிப் பிள்ளைகள் கையில் இருக்கிற சில்லறையை நீட்டுவார்கள். எண்ணிப் பார்க்காமலே ஒரு துண்டு வெட்டி வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுப்பார்.

வெளியூர்க்காரர்கள் தொதலை அல்வா என்று நினைத்துக்கொள்கிறார்கள். இதில் கோதுமை கிடையாது. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. இலங்கையிலும் மலேசியா, இந்தோனேசியாவிலும் ஏறக்குறைய இதே பெயரில் இதே இனிப்பு உண்டு. மரக்கலத்தில் வணிகம் செய்த மரைக்காயர்களின் ஊர் அல்லவா எங்களுடையது! இன்று வளைகுடாவுக்குப் போகிற பிள்ளைகளின் பெட்டியில் பாயின் தொதல் ஓலைக்கொட்டானில் ஏறும்.

ஆனால் அதைக் கிண்டியது பாய் இல்லை, அவர் மனைவி. ஒருநாள் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, விறகடுப்பில் ஏற்றினார். எண்ணெய் கக்கிச் சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வரும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் துடுப்பு நிற்கவே இல்லை. நின்றால் அடிப்பிடித்துவிடும். மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். “விக்கிறது அவுக, வேகுறது நான், டீச்சர்” என்றார்.

கணவரை இழந்தவர் தனித்திருக்கும் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிந்து, அவரே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வந்த முதல் நாளே, ‘ஆம்பளை போன பிறகு இடம் எதற்கு?’ என்று கேட்டு எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். கேள்விப்பட்டதிலிருந்து எனக்கு மனம் ஆறவில்லை.

2014ஆம் ஆண்டின் சாலையோர வியாபாரிகள் சட்டம், 5ஆம் பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சான்றிதழ் பெற்ற வியாபாரி இறந்துபோனால், அந்தச் சான்றிதழின் காலம் முடியும்வரை அவருக்குப் பதிலாகக் குடும்பத்தில் ஒருவர் வியாபாரம் செய்யலாம். முதல் உரிமை வாழ்க்கைத் துணைக்கு. அதற்குப் பிறகுதான் அவரை நம்பியிருந்த பிள்ளைக்கு. பாயின் சான்றிதழ் இன்னும் செல்லும். நானே வாங்கிப் பார்த்தேன்.

இக்கடிதத்தைத் தாங்கள் வெளியிட்டால், வெட்டியெடுத்து வண்டிக் கண்ணாடியில் ஒட்டிக்கொடுப்பேன். மறுபடி யாராவது வந்து கேட்டால் அந்த அம்மா அதைக் காட்டட்டும்.

– ஓய்வுபெற்ற ஆசிரியை, கீழக்கரை