கொடைக்கானலில் கோல்ஃப் ஆடுமுன்

அன்புள்ள கயலுக்கு,

ஜனவரியில் கூட வேலை பார்ப்பவர்களோடு கொடைக்கானலில் 18 குழி கோல்ஃப் ஆடப்போவதாக எழுதியிருந்தாய். ‘நீளமே இல்லையேப்பா, 90 ஸ்ட்ரோக்குக்குள் முடித்துவிடுவேன்’ என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது. ஊரை விட்டுத் தள்ளி, தூண் பாறைக்குப் போகிற வழியில், கிட்டத்தட்ட 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. துபாயில் நீ ஆடுவது இழைத்து வைத்த பலகை மாதிரியான தரை. அங்கே நீளம்தான் உனக்கு எதிரி. இங்கே நீளம் குறைவு, இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்கிற இடம் அதைவிடக் குறைவு. அதனால் டீயில், அதாவது ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற மேடையில், நின்று எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்காதே. அடுத்த அடியை எங்கே நின்று அடித்தால் சௌகரியம் என்று பார். சரிவின் நடுவே 200 யார்டில் தொங்குகிற பந்தைவிட, சமமான திட்டில் 160 யார்டில் கிடக்கிற பந்து எவ்வளவோ மேல். அந்தத் திட்டு எங்கே என்று பையைத் தூக்கிவரும் கேடிக்குத் தெரியும். எத்தனை யார்டு என்று கேட்பதற்கு முன்னால் அதைக் கேள். நீளத்துக்கு அடிக்கிற பெரிய மட்டையான டிரைவரை நாலைந்து குழிகளில் எடுத்தால் போதும் என்பேன்.

டீ மேடையே சில இடங்களில் சாய்ந்திருக்கும். குறிகளுக்குப் பின்னால் இரண்டு மட்டை நீளம் வரை பந்தை வைக்க விதி இடம் கொடுக்கிறது. உன் கால் அந்த எல்லைக்கு வெளியே நின்றாலும் தப்பில்லை. முதலில் கால் வைக்கச் சமமான இடத்தைத் தேடு, பிறகு பந்தை வை.

இனி தூரக் கணக்கு. காற்று மெலிந்த உயரத்தில் பந்து சுமார் 8 சதவீதம் கூடப் பறக்கும். உன் 7 அயர்ன் மட்டையில் பந்து 130 யார்டு போகும் என்றால் இங்கே 140. காலைக் குளிர் அதில் மூன்று நாலு யார்டைத் தின்றுவிடும்; ஆக 136 என்று வைத்துக்கொள். அதற்குமேல் ஏற்ற இறக்கம்: 3 அடி உயரத்துக்கு ஒரு யார்டு. குழியில் நட்ட கொடி 130 யார்டில், ஆனால் 30 அடி மேலே இருந்தால் அதை 140 யார்டு என்று கணக்கு வை. எண் குறைந்தால் தூரம் கூடும், 6 அயர்ன் எடு. அதே 130 யார்டு, 30 அடி கீழே என்றால் 120 தான். எட்டோ ஒன்பதோ போதும். இன்னொன்று பலருக்கும் பிடிபடுவதில்லை. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டின புல்தரைதான் கிரீன்; மேலே இருக்கிற கிரீனில் பந்து முழுசாக இறங்கி முடிப்பதற்குள் தரை வந்துவிடும். தாழ்ந்த கோணத்தில் விழுந்து ஓடும். கீழே இருக்கிற கிரீனில் செங்குத்தாக விழுந்து சட்டென்று நிற்கும். ஆனால் அந்தரத்தில் கூட நேரம் இருப்பதால் காற்று அதை நன்றாகத் தள்ளும்.

சரிவில் நிற்பதுதான் முக்கால்வாசி ஆட்டம். நீ வலக்கை ஆட்டக்காரி, அதை வைத்தே சொல்கிறேன்.

பந்து காலைவிட மேலே இருந்தால் இடப்பக்கம் போகும். பிடியில் ஓர் அங்குலம் கீழே பிடி, நிமிர்ந்து நில், குறியை வலப்பக்கம் தள்ளி வை. வெட்ஜ் மாதிரி முகம் சாய்ந்த மட்டையில் இந்த இழுப்பு இன்னும் அதிகம். வெட்ஜில் தள்ளுகிற அளவு 5 அயர்னில் தேவைப்படாது. பந்து காலுக்குக் கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி இறங்கு, அடித்து முடிக்கும்வரை எழாதே. பாதியில் எழுந்தால் பந்தின் தலையில்தான் தட்டுவாய்.

ஏற்றத்தில் நின்றால் தோளைச் சரிவுக்கு இணையாகச் சாய். பந்து உயரமாகவும் குட்டையாகவும் போகும், ஒரு படி அதிகத் தூரம் போகிற மட்டையை எடு. இறக்கம்தான் எல்லாரையும் கவிழ்ப்பது. பந்து எழும்பாதோ என்ற பயத்தில் உடம்பு தானாகப் பின்னால் சாயும். மட்டை பந்துக்கு முன்னால் மண்ணில் இறங்கும். எடையை இடக்காலில் வை, பந்தைச் சற்று வலக்கால் பக்கம் வை, அடித்த பிறகும் மட்டை சரிவைத் தொடர்ந்து இறங்கட்டும். தாழ்வாகப் பறந்து நிறைய ஓடும், அதற்கு இடம் விடு. எந்தச் சரிவிலும் முக்கால் வீச்சுக்கு மேல் வேண்டாம்.

அந்த மலைகளில் பரவிக் கிடக்கிற கிகுயு புல்லை லேசாக எண்ணாதே. குறுக வெட்டின இடத்தில் பந்தைத் தூக்கிக் கொடுக்கும். வளர்ந்த இடத்தில் மட்டையின் கழுத்தைப் பிடித்து முகத்தை மூடிவிடும். கிரீனுக்கு முன்னால் விழவைத்து உருட்டலாம் என்றால் புல்லிலேயே ஒட்டி நிற்கும். நேரே கிரீனில் போடு, ஆனால் குழிக்குக் கீழ்ப்பக்கம். மேலிருந்து உருட்டினால் குழியில் போட மூன்று பட் (உருட்டல்) ஆகிவிடும். மலையில் கண் பொய் சொல்லும். பள்ளத்தாக்கு எந்தப் பக்கம், மழைத்தண்ணீர் எப்படி வடியும் என்று பார், கிரீனைச் சுற்றி நடந்து பாதத்தால் சாய்வை உணர். காலைப் பனியில் மெதுவாக இருக்கிற கிரீன் வெயில் ஏறினதும் வேறு ஆளாகிவிடும்.

சரிவில் ஆட முடியாத இடத்தில் சிக்கினால் ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு, கொடியை நெருங்காமல், இரண்டு மட்டை நீளத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். முழங்கால் உயரத்திலிருந்து விடு. அந்த எல்லையைத் தாண்டி உருண்டால் மறுபடி விடு. அதுவும் உருண்டால், இரண்டாம் தடவை தரையைத் தொட்ட இடத்தில் கையால் வை. இது தெரியாமல் வீணாகக் கீழே இறங்கி ஆடுகிறவர்கள் உண்டு. பந்தைத் தேட மூன்றே நிமிஷம். பள்ளத்தில் போனது போலிருந்தால் அங்கேயே ‘புரொவிஷனல்’ (தற்காலிகப் பந்து) என்று சொல்லி இன்னொன்று அடித்துவிட்டு நட.

காட்டுமாடுகள் ஃபேர்வேயில், அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவே வெட்டின புல்வெளியில், மேயும். நின்றுபோன பந்தை ஒரு மாடு மிதித்து நகர்த்தினால் அபராதமில்லை, பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். பந்துக்குப் பக்கத்திலேயே நின்றால் ஆபத்தான விலங்கு என்ற விதிப்படி இலவசமாகத் தள்ளி ஆடலாம். கிரீனில் பதிந்த குளம்புத்தடத்தைச் சரிசெய்யலாம். ஃபேர்வேயில் அப்படி இல்லை. குளம்புத்தடம் விதியில் சொல்கிற ‘விலங்கு தோண்டின குழி’ ஆகாது, கிளப் தனி விதி வைத்திருந்தால்தான் சலுகை. முதல் டீயிலேயே கேட்டுக்கொள். விரட்டுவது, செல்ஃபி எடுப்பது எல்லாம் வேண்டாம்மா. ஒற்றை மாடு என்றால் இன்னும் தள்ளியே நில்.

பையில் பத்து மட்டை போதும். மெலிந்த காற்றில் ஏறி இறங்கி 18 குழி நடக்க வேண்டும். ஏறி வந்ததும் மூச்சு இறங்காமல் கிரீனில் உருட்டுகிற மட்டையான பட்டரைத் தொடாதே. முதல் நாளே போய்த் தங்கி, காலையில் சீக்கிரம் ஆரம்பித்துவிடுங்கள். மத்தியானத்துக்கு மேல் மூடுபனி ஏறினால் கொடியும் தெரியாது, முன்னால் போகிறவர்களும் தெரியமாட்டார்கள். ஆள் தெரியாத திசையில் அடிக்கவே கூடாது. ஷூவின் ஸ்பைக் தேய்ந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொண்டு வா. பந்து ஒரு டஜன் கொண்டுவா, மஞ்சள் நிறத்தில், விலை மலிவானதாக.

அன்புடன்,
அப்பா